தும்பைப் பூவும் செர்ரிப் பூவும்

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டு வரப்போரங்களில் வெள்ளை வெளேரென்று தும்பை பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சங்ககாலத் தமிழ் மன்னர்களுக்கு அது போர்ப்பூ. ஆநிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, நேருக்கு நேர் மோதத் தும்பை, ஜெயித்தால் வாகை என்று சூடிக்கொள்வார்கள்.

இன்றைக்கு நாடுகள் பூவை நட்புக்காகத் தருகின்றன. சிங்கப்பூர், தன்னைத் தேடி வரும் தலைவர்களின் பெயரைப் புதிய ஆர்க்கிட் பூக்களுக்குச் சூட்டுகிறது. 2018-ல் நம் பிரதமர் மோடியின் பெயரிலும் ஓர் ஆர்க்கிட் வந்தது. 2024 ஏப்ரலில் அப்போதைய ஜப்பான் பிரதமர் கிஷிடா, 2026-ல் வரும் அமெரிக்காவின் 250-வது சுதந்திர ஆண்டுக்காக 250 செர்ரி மரங்களைத் தருவதாக அறிவித்தார்.

பூ கொடுத்தால் சண்டை வராதா? இந்தச் செர்ரியின் பழைய கதையைக் கேளுங்கள்.

1910-ல் டோக்கியோ நகரம் வாஷிங்டனுக்கு 2,000 செர்ரி மரங்களை அனுப்பியது. அவற்றில் பூச்சியும் நோயும் இருந்ததால் எரித்துவிட்டார்கள். நட்பு அதோடு முறிந்துவிடவில்லை. மேயர் யூகியோ ஒசாகி காலத்தில் டோக்கியோ 1912-ல் மறுபடியும் 3,020 மரங்களை அனுப்பியது. 1915-ல் அமெரிக்கா பதிலுக்கு டாக்வுட் என்ற பூமரங்களைத் தந்தது.

ஆனால் 1941 டிசம்பரில் ஜப்பான், பேர்ல் ஹார்பர் துறைமுகத்தைத் தாக்கியது. சில நாட்களில் வாஷிங்டனில் நான்கு செர்ரி மரங்களை யாரோ வெட்டிச் சாய்த்தார்கள். பூக்களால் போரைத் தடுக்க முடியவில்லை. எதிரி நாட்டு மரம் என்று எல்லாவற்றையும் வெட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மற்ற மரங்கள் பிழைத்தன.

டோக்கியோவில் அரகாவா ஆற்றங்கரையில் இருந்த தாய்மரத் தோப்பு போர்க்காலத்தில் சீரழிந்தது. அதை மீட்க ஜப்பான் உதவி கேட்டது. 1952-ல் வாஷிங்டன் மரங்களிலிருந்து ஒட்டுக்கட்டும் மொட்டுக்குச்சிகள் அங்கே போய்ச் சேர்ந்தன. கொடுத்த பரிசு, கொடுத்தவருக்கே உயிர் கொடுத்தது!

பூ ஒரு ஒப்பந்தமல்ல. அது துப்பாக்கியைத் தடுக்காது. ஆனால் சண்டை ஓய்ந்தபின் மறுபடி பேசத் தொடங்க ஒரு காரணம் வைத்திருக்கும், யாராவது அதற்குத் தண்ணீர் ஊற்றி வந்தால். நம் மானாவாரி விவசாயிகள் மழைக்கு முன்பே விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள் அல்லவா? நட்பையும் அப்படித்தான் முன்கூட்டியே விதைக்க வேண்டும்.