புறங்கையா, குடமா?

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். ஜோவா ஹேவலாஞ்ச் பேச்சு வந்தால் என் வயதுக் கால்பந்து ரசிகர்கள் உடனே இந்தப் பழமொழியை எடுத்து நீட்டுகிறார்கள். "கொஞ்சம் தின்றார்தான் சார், ஆனால் ஆட்டத்தை உலகம் பூராவும் கொண்டுபோனாரே!" கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் காலத்தில் நடந்ததை மறுக்கவில்லை. பிரேசில்காரர், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நீந்தியவர். 1974-இல் இங்கிலாந்தின் சர் ஸ்டான்லி ரவுஸைத் தோற்கடித்து ஃபிஃபா தலைவரானார். 24 வருஷம் நாற்காலியை விடவில்லை. 16 அணிகள் ஆடிய உலகக் கோப்பை 1982-இல் 24 ஆனது, 1998-இல் 32. ஆப்பிரிக்காவுக்கு ஒன்றாக இருந்த இடம் ஐந்தானது.

ஆனால் அது அவர் போட்ட பிச்சையா? ஆப்பிரிக்கா, ஆசியா, ஓஷியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே இடம் என்றபோது, 1966 உலகக் கோப்பையே வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் ஆப்பிரிக்கர்கள். நிறவெறித் தென்னாப்பிரிக்காவுக்கு ரவுஸ் பரிந்து பேசியதில் கொதித்துப் போயிருந்தார்கள். அவர்கள் ஓட்டில்தான் ஹேவலாஞ்ச் ஜெயித்தார். போராடி வாங்கியதைக் கொடுத்தவர் புண்ணியக் கணக்கில் எழுதுவது, தணிக்கை வேலையிலேயே தலை நரைத்த எனக்கு ஒப்பவில்லை.

இனி அந்தத் தேன். ஐ.எஸ்.எல். என்ற சுவிஸ் நிறுவனம் உலகக் கோப்பையின் விளம்பர, ஒளிபரப்பு உரிமைகளை வாங்கி விற்றது. 2001-இல் திவாலானது, கணக்குப் புத்தகங்கள் வெளியே வந்தன. ஹேவலாஞ்சுக்கு 1997-இல் 15 லட்சம் சுவிஸ் பிராங்க். அவருடைய முன்னாள் மருமகன், பிரேசில் சங்கத் தலைவர் ரிகார்டோ டெய்ஷேராவுக்கு 1 கோடியே 27 லட்சம். 2010-இல் ஹேவலாஞ்ச் 5 லட்சம் கட்டினார், வழக்கை மூடிவிட்டார்கள். பெயர்கள் அதிகாரபூர்வமாக வெளியானதே 2012-இல்தான். அன்றைய சுவிஸ் சட்டத்தில் இப்படி வாங்குவது குற்றமே இல்லையாம்!

விற்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் வாங்குகிறவனிடம் கைநீட்டினால் விலை யார் பக்கம் சாயும்? அப்படிக் குறைந்த ஒவ்வொரு பிராங்கும், அவர் வளர்த்துவிட்டதாகச் சொல்கிறார்களே, அந்த ஏழை நாட்டுச் சங்கங்களுக்குப் போயிருக்க வேண்டிய பணம். இதுவா புறங்கை?

2011-இல் விசாரணைக்குச் சில நாள் முன்பு ஒலிம்பிக் கமிட்டியிலிருந்து விலகினார். 2013 ஏப்ரலில் ஃபிஃபா கௌரவத் தலைவர் பதவியையும் தானே விட்டார். அவர்தான் விலகிவிட்டாரே, மேல்நடவடிக்கை தேவையில்லை என்று ஒழுக்கக் குழு நீதிபதி எழுதி முடித்தார். 2016-இல் காலமானபோது அவருக்கு வயது நூறு.