சுக்கானைக் கருவி பிடிக்கலாம். கடலை நாம்தான் பார்க்க வேண்டும்

ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தொடாமலே நேர்கோட்டில் உழும் டிராக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே வகைக் கருவி அவுட்போர்டு இன்ஜின் பொருத்திய சிறு படகுகளுக்கும் கிடைக்கிறது. ஆட்டோபைலட் எனப்படும் இக்கருவி, குறித்துக் கொடுத்த திசையில் படகைத் தானே செலுத்தும். உழவும் மீன்பிடிப்பும் அடுத்தடுத்து நடக்கும் நம் மாவட்டத்தில், இதை வாங்கலாமா என்ற கேள்வி பல வீடுகளில் எழும்.

நன்மை உண்டு. மணிக்கணக்கில் கைப்பிடியைப் பிடித்திருப்பவரின் தோளும் முதுகும் ஓய்வு பெறும். இரண்டு மூன்று பேர் மட்டுமே செல்லும் வள்ளத்தில் வலை வேலைக்கு ஒரு ஆள் மிச்சமாகும். வளைந்து வளைந்து ஓடாததால் எரிபொருளும் குறையும்.

ஆனால் வயல் அசையாது, கடல் அசையும். திசைகாட்டியை மட்டும் நம்பும் கருவி படகின் முகத்தை நேராக வைக்குமே தவிர, நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளுவதை அறியாது. ஒரு நாட் வேக நீரோட்டம் குறுக்கே இருந்தால், 2 மணி நேரத்தில் படகு சுமார் 3.7 கிலோமீட்டர் விலகிவிடும். ஜி.பி.எஸ். இணைந்த கருவியே இதைத் திருத்தும்.

எந்தக் கருவியும் எதிரே வரும் கப்பலுக்காகத் தானே விலகாது. 2018 ஆகஸ்ட் 7 அதிகாலை, முனம்பத்திலிருந்து சென்ற ‘ஓஷியானிக்’ விசைப்படகின் மீது கப்பல் மோதி உயிர்கள் பறிபோயின. படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் மாவட்டத்தினர். அந்த விபத்துக்கும் ஆட்டோபைலட்டுக்கும் தொடர்பில்லை. எனினும் கப்பல்கள் ஓடும் கடலில் கண் அயர்ந்தால் என்ன ஆகும் என்பதை அது காட்டியது. கருவி ஓட்டுகிறது என்று இருவரும் தூங்கிவிடக் கூடாது.

இன்னொரு ஆபத்து: ஆள் தவறி விழுந்தாலும் படகு நிற்காமல் விலகிச் செல்லும். எனவே இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை உடலில் மாட்டிக்கொள்ளுங்கள். தனியாகச் செல்பவருக்கு இது கட்டாயம்.

வாங்கும்முன் மூன்றைப் பாருங்கள். உங்கள் இன்ஜின் கைப்பிடியால் திருப்புவதா, ஸ்டியரிங் சக்கரத்தால் திருப்புவதா? அதற்கேற்ற கருவிதான் பொருந்தும். பேட்டரி எப்படிச் சார்ஜ் ஆகும்? கயிறு இழுத்து இயக்கும் பல இன்ஜின்களில் அந்த வசதி இருக்காது. உப்புநீர் பட்டுப் பழுதானால் உள்ளூரில் சரிசெய்ய ஆள் உண்டா?

பணம் குறைவென்றால் வரிசை முக்கியம். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. ஆகவே உயிர்காப்புச் சட்டை, தகவல் தொடர்புக் கருவி, பாதுகாப்புக் கயிறு ஆகியவை முதலில். ஆட்டோபைலட் அதன் பிறகே. 1 லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசின் திட்டம் 2024-இல் தொடங்கப்பட்டுள்ளது. உங்கள் படகுக்குக் கிடைக்குமா என மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

அரசும் கருவிக்கு மானியம் தருவதோடு நின்றுவிடக் கூடாது. சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் செய்முறைப் பயிற்சி அளிக்க வேண்டும். பயிற்சி இல்லாத கருவி, கரையில் பாரம், கடலில் ஆபத்து.