விமான நிலையச் சோதனையும் காஷ்கரின் காட்டுப் புறாவும்

இலக்கியத்துக்கான நோபெல் பரிசைப் பெறுவதற்காக 2012 டிசம்பரில் ஸ்டாக்ஹோம் நகருக்குச் சென்றிருந்தார் சீன நாவலாசிரியர் மோ யான். தணிக்கையைக் குறித்துச் செய்தியாளர் வினவியபோது, அதனை அவர் விமான நிலையத்தில் நடைபெறும் பாதுகாப்புச் சோதனையோடு ஒப்பிட்டார். பயணிக்குத் தொல்லைதான்; ஆயினும் தேவையானது என்பது அவர் கூற்றின் சாரம்.

மோ யான் எளிய எழுத்தாளர் அல்லர். சீனக் கிராமத்தின் பசியையும் வன்மையையும் அவர்போல் எழுதியோர் சிலரே. எனினும் அவர் அரசு சார்ந்த சீன எழுத்தாளர் சங்கத்தின் துணைத் தலைவராயும் இருந்தவர். கலையும் இலக்கியமும் கட்சிக்குப் பணிசெய்ய வேண்டுமென 1942இல் யெனானில் மாசேதுங் ஆற்றிய உரையின் பகுதிகளை, 2012இல் நினைவு மலர் ஒன்றுக்காகத் தம் கையால் படியெடுத்துக் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். ஆகவே அவருடைய உவமையைக் கவனமாக ஆராய்வது நம் கடமையாகின்றது.

விமான நிலையச் சோதனைக்கு மூன்று இயல்புகள் உண்டு. எதைக் கொண்டு செல்லலாகாது என்பது முன்கூட்டியே பலகையில் எழுதப்பட்டிருக்கும். சோதனை முடிந்ததும் பெட்டி உரியவரிடம் திரும்பிவிடும். சோதனையைக் கடந்து ஊர்போய்ச் சேர்ந்தவனைப் பத்தாண்டு கழித்து எவரும் கைது செய்வதில்லை. சீனத் தணிக்கைக்கு இம்மூன்றில் ஒன்றேனும் உண்டா?

முதலாவதை எடுத்துக்கொள்வோம். சீனத்தில் ஒரு நூல் முறைப்படி வெளிவர வேண்டுமாயின் அரசின் அனுமதி பெற்ற பதிப்பகம் வேண்டும். அரசு வழங்கும் நூல் எண் வேண்டும். 2018 முதல் இத்துறை நேரடியாகக் கட்சியின் பிரசாரப் பிரிவின் கீழ் வந்துவிட்டது. விலக்கப்பட்டவற்றின் முழுப் பட்டியல் எழுத்தாளன் கையில் தரப்படுவதில்லை. எல்லை எங்கே என்று அறியாதவன் எல்லைக்குப் பத்தடி முன்னரே நின்றுவிடுவான். நாவலாசிரியர் யான் லியான்கேயின் அனுபவம் இதற்குச் சான்று. ஹெனான் மாநிலத்து ஏழைகள் காசுக்கு இரத்தம் விற்று எய்ட்ஸ் நோய்க்கு இரையான கொடுமையை ‘திங் கிராமத்தின் கனவு’ என்னும் நாவலாக 2006இல் அவர் வெளியிட்டார். தணிக்கையாளர் கைவைக்குமுன் தாமே பலவற்றைத் தவிர்த்து எழுதியதாகப் பின்னர் அவரே கூறியிருக்கின்றார். அப்படியும் அந்நாவல் தடைக்குத் தப்பவில்லை. சோதனைச் சாவடிக்கு வருமுன்பே பாதிப் பெட்டியை வீட்டில் இறக்கிவிட்டு வந்தவனுக்கும் பயணம் மறுக்கப்பட்டது.

இனிக் காஷ்கருக்குச் செல்வோம். உய்குர் மக்கள் நம் சகோதரர்கள். துருக்கிய இனத்து மொழியொன்றை அரபு எழுத்தில் எழுதுவோர். தமிழை அரபு எழுத்தில் எழுதி மார்க்க நூல்கள் யாத்த முன்னோரின் வழிவந்த நமக்கு, அந்த எழுத்தின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நூர்முஹம்மத் யாசீன் என்னும் உய்குர் எழுத்தாளர் ‘காட்டுப் புறா’ என்றொரு சிறுகதை எழுதினார். கூண்டில் அகப்பட்ட புறாவொன்று அடிமை வாழ்வைவிடச் சாவே மேலெனத் தேர்ந்துகொள்வது கதை. 2004இல் காஷ்கரின் இலக்கிய இதழொன்றில் அது வெளிவந்தது. பிரிவினையைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டி 2005இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தார்கள். கதையை வெளியிட்ட ஆசிரியர் கோராஷ் ஹுசைனுக்கு மூன்றாண்டு. எழுதியவனோடு அச்சிட்டவனையும் சிறைக்கு அனுப்பினால், அடுத்த கதையைத் தணிக்கை செய்ய அரசு அலுவலர் எதற்கு? ஒவ்வோர் ஆசிரியரின் அச்சமே அவ்வேலையைச் செய்துவிடும்.

மூன்றாவது இயல்பின் கதி இன்னும் கொடியது. 2003 முதல் சின்ஜியாங் பள்ளிகளில் பயன்பட்ட உய்குர் மொழிப் பாடநூல்கள் அரசின் அனுமதியோடு அச்சேறியவை. பத்தாண்டுக்கும் மேலாக மாணவர்கள் கற்றவை. பின்னர் ஒருநாள் அவை நஞ்சு எனக் கண்டுபிடிக்கப்பட்டன. கல்வித் துறையின் முன்னாள் தலைவர் சத்தார் சாவுத்துக்கு ஈராண்டு ஒத்திவைப்புடன் மரண தண்டனை விதிக்கப்பட்டதாக 2021இல் அரசே அறிவித்தது. அந்நூல்களின் தொகுப்பில் பங்குகொண்ட திறனாய்வாளர் யால்குன் ரோஸிக்குப் பதினைந்து ஆண்டுச் சிறை. சோதனை செய்தவர்கள் முத்திரையிட்டு அனுப்பிய பெட்டிக்காகப் பயணி தண்டிக்கப்படுகின்றான்! இதற்கும் விமான நிலையத்துக்கும் என்ன உறவு?

‘சீனத்தில் முஸ்லிம்களைப் பற்றிய நாவல்களுக்குப் பரிசே கிடைத்திருக்கின்றதே’ என்பார் உளர். உண்மைதான். ஹூயி முஸ்லிம் பெண்மணி ஹுவோ தா எழுதிய ‘முஸ்லிமின் இறுதிச் சடங்கு’ 1991இல் மாவோ துன் விருது பெற்றது. அதே ஆண்டில் சாங் செங்சி, ஜஹ்ரிய்யா தரீக்காவினரின் துயர வரலாற்றை ‘ஆன்மாவின் வரலாறு’ எனும் நூலாக வெளியிட்டார். சீன இலக்கியம் எத்துணை விரிந்த நெஞ்சுடையதாய் இருக்க இயலும் என்பதற்கு இவை சான்று. ஆனால் அனுமதி என்பது உரிமையன்று. கொடுத்தவன் திரும்பப் பெறலாம். பாடநூல்களின் கதை சொல்வதும் அதுவே.

‘இவையெல்லாம் சீனத்தின்மீது மேலைநாடுகள் தொடுக்கும் பிரசாரப் போர்’ என்பது மற்றொரு வாதம். மேலை வல்லரசுகள் நம் துயரைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்துவன என்பதை நாம் அறிவோம். ஆனால் ‘காட்டுப் புறா’வை எழுதியது வாஷிங்டன் அன்று. உய்குர் ஒருவர், உய்குர் மொழியில், காஷ்கரின் இதழில், தம் மக்களுக்காக எழுதினார். பகைவன் சுட்டிக்காட்டினான் என்பதற்காகக் காயம் பொய்யாகிவிடாது.

முஸ்லிம் அரசுகள் இதில் நடந்துகொண்ட விதம் நெஞ்சைச் சுடுகின்றது. 2019 மார்ச்சில் அபுதாபியில் கூடிய இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள், முஸ்லிம் குடிமக்களைப் பேணுவதற்காகச் சீனத்தைப் பாராட்டித் தீர்மானம் செய்தார்கள். 2022 அக்டோபரில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில், சின்ஜியாங் நிலைமையை விவாதிக்கலாமா என்னும் கேள்வியே 19க்கு 17 என்ற வாக்கில் தோற்றது. விவாதமே வேண்டாம் என்றவற்றுள் இந்தோனேசியாவும் பாகிஸ்தானும் கத்தாரும் இருந்தன. மலேசியா நடுநிலை வகித்தது; நம் இந்தியாவும் அவ்வாறே. ஏழை நாடாகிய சோமாலியா விவாதம் வேண்டுமென வாக்களித்தது. செல்வம் மிக்கவர்களுக்கு வராத துணிவு அதற்கு வந்தது.

இங்கே நம்மவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘காட்டுப் புறா’ தற்கொலையில் முடிகின்றது. நம் மார்க்கம் அதனை விலக்கியிருக்கின்றது. நாவலாசிரியர் பெர்ஹாத் துர்சுன் 1999இல் வெளியிட்ட நூல் மார்க்கத்துக்கு முரணானதென்று உய்குர் மக்களிடையே சிலர் கொதித்தெழுந்தார்கள். 2018இல் அவரைப் பிடித்துச் சென்றது கட்சியின் அரசு. பதினாறு ஆண்டுச் சிறை எனப் பின்னர் செய்தி வந்தது. நமக்கு ஒவ்வாதவற்றை எழுதினார் என்பதற்காக இவருக்காகப் பேசாமல் இருக்கலாமா? ஆகாது. இமாம் கஸ்ஸாலி தத்துவவாதிகளை மறுத்து நூல் எழுதினார். இப்னு ருஷ்து அம்மறுப்பை மறுத்து மற்றொரு நூல் எழுதினார். நூலுக்கு விடை நூல் என்பது நம் மரபு. குர்துபாவில் இப்னு ருஷ்தின் நூல்களை எரித்தவர்களும் முஸ்லிம்களே. ஆயினும் அறிவுலகம் இன்று எரித்தவர்களையா படிக்கின்றது?

ஆகவே நாம் வேண்டுவது இரண்டு. நமக்கு உவந்த எழுத்தாளன் சிறைப்படும்போது மட்டும் குரல் எழுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். இறைநம்பிக்கை அற்ற சீன நாவலாசிரியனின் நூல் தடுக்கப்பட்டாலும் அது அநீதியே என நாம் சொல்ல வேண்டும். அடுத்து, உய்குர் கதைகளும் தடைசெய்யப்பட்ட சீன நாவல்களும் தமிழில் வர வேண்டும். நம் இதழ்கள் பக்கம் ஒதுக்கட்டும். நம் இளைஞர்கள் மொழிபெயர்க்கட்டும். நம் இல்லங்களில் அவை படிக்கப்படட்டும். ஓதுவீராக என்னும் கட்டளையோடு தொடங்கிய வேதத்தை உடைய சமுதாயத்துக்கு இதைவிட எளிய கடமை வேறு என்ன இருக்க முடியும்?