எட்டு மணி வகுப்பும் எட்டரை மணி பஸ்ஸும்

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் உயர்நிலைப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்புகள் சூடுபிடிக்கும். காலை எட்டு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணி வரை இன்னொன்று. ஆசிரியர்களின் அக்கறையை நாம் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தை எந்தப் பிள்ளையை மனதில் வைத்துக் குறித்தார்கள் என்றுதான் கேட்கிறோம்.

பள்ளி இருக்கும் ஊரிலேயே வீடு உள்ள பிள்ளை எட்டு மணிக்கு வந்துவிடும். வயல்களுக்கு அப்பால் காலனியில் இருக்கும் பிள்ளைக்கு முதல் டவுன் பஸ்ஸே எட்டரைக்குத்தான் என்றால் என்ன செய்யும்? டெல்டாவில் அது சம்பா அறுவடை நேரம் வேறு. அம்மாவும் அப்பாவும் விடியுமுன் வேலைக்குப் போய்விட்டால், தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது பத்தாம் வகுப்புப் பெண்ணின் பொறுப்பு. தம்பிக்குப் பள்ளியில் காலை உணவு உண்டு. அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால் அக்காவுக்கு இல்லை.

சிறப்பு வகுப்பு இருக்கட்டும், அன்றாடக் கால அட்டவணையைப் பாருங்கள். காலையில்தான் கணக்கு மண்டையில் ஏறும் என்று முதல் பாடவேளையை அதற்கே ஒதுக்கும் வழக்கம் உண்டு. பஸ் தாமதத்தால் ஒரு பிள்ளை தினமும் 20 நிமிடம் இழந்தால் வாரத்துக்கு 100 நிமிடம். இரண்டு பாடவேளைக்கு மேல். அத்தனையும் ஒரே பாடத்தில், அதுவும் புதுக் கணக்கைக் கரும்பலகையில் விளக்கும் நேரத்தில். திருப்புதல் தேர்வில் அந்தப் பிள்ளை 35 எடுக்காவிட்டால் பெயர் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் ஏறும். மெல்ல வந்தது பஸ், பட்டம் பிள்ளைக்கு. பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்பதையும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மதிப்பெண்தான் முடிவு செய்கிறது. நம் தெருவிலிருந்து அறிவியல் குரூப்புக்கு ஏன் இத்தனை குறைவாகப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாலை வகுப்பின் சிக்கல் வேறு. ஆறு மணிக்கு விட்டால் குடியானத் தெருவைக் கடந்து, விளக்கில்லாத சாலையில் நடக்க வேண்டும். பெற்றோர் பெண் பிள்ளையை நாலரைக்கே வரச் சொல்வதைப் படிப்பில் அக்கறையின்மை என்று பள்ளி எழுதிக்கொள்ளக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டதைப் படித்த பெற்றோருக்கு ஆண் பிள்ளையைப் பற்றியும் அந்தப் பயம் இருக்கிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. கணிதத்தை இரண்டாவது, மூன்றாவது பாடவேளைக்கு மாற்றலாம். முதல் பாடவேளையில் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு பாடம் வைத்தால் இழப்பாவது ஒரே பாடத்தில் குவியாது. சிறப்பு வகுப்பின் ஒரு பகுதியைக் காலனி சமுதாயக் கூடத்தில் நடத்தலாம். அம்பேத்கர் பெயரில் இரவுப் பாடசாலை நடத்தும் நம் படித்த இளைஞர்கள் கைகொடுப்பார்கள். பஸ் நேரத்தை மாற்றக் கோரித் தலைமையாசிரியர் பணிமனைக்கு ஒரு கடிதம் எழுதலாம். (உடற்கல்விப் பாடவேளையைப் பறித்து நேரத்தை ஈடுகட்டும் பழக்கத்தை மட்டும் தீர்வு என்று யாரும் சொல்ல வேண்டாம்.)

பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோரும் உறுப்பினர்கள்தான். கையெழுத்துப் போட்டதோடு எழுந்து வராமல், ஜூனில் கால அட்டவணை எழுதும்போதே பஸ் நேரத்தைத் தாளில் குறித்துக் கொண்டுபோய்க் கேளுங்கள். அரசிடமும் ஒன்று கேட்போம். இலவச மிதிவண்டி கைக்கு வருவது பதினொன்றாம் வகுப்பில், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த பிறகு. அதை ஒன்பதாம் வகுப்பிலேயே கொடுத்தால் என்ன?