திங்கட்கிழமைப் புலம்பல் வெட்டிப் பேச்சு அல்ல

சனிக்கிழமை தன் அணி தோற்றுவிட்டால், இங்கிலாந்தின் கால்பந்து ரசிகருக்குத் திங்கள், செவ்வாய் வரை பேச்சு ஓயாது. எழுபதாவது நிமிடத்தில் அந்த இடதுபுறத் தடுப்பாட்டக்காரர் எதற்காக அவ்வளவு தூரம் முன்னேறிப் போனார்? கார்னரில் அந்த ஆறடி ஆளைப் பிடித்திருக்க வேண்டியவர் யார்? நன்றாக ஓடிக்கொண்டிருந்தவரை மேனேஜர் ஏன் வெளியே எடுத்தார்? பப்பில், ரயிலில், வேலையிடத்தில், போனில் இதே பேச்சு. கேட்கிறவர்கள் பலரும் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள்: வெட்டிப் புலம்பல். பத்திரிகையில் எழுதுகிறவர்களும் சொல்கிறார்கள், கிளப் உரிமையாளர்களும் சொல்கிறார்கள். குளிர்கால இரவில் எட்டரை மணிக்கு டிவி முன் உட்கார்ந்து அந்த ஆட்டங்களைப் பார்க்கிற நம் வீட்டுப் பிள்ளைகளிடம் பெரியவர்களும் இதையே சொல்கிறார்கள். இந்தத் தீர்ப்புக்குள் பல வாதங்கள் கலந்து கிடக்கின்றன. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுகூட முழுசாக நிற்காது.

முதலில், “வெறும் விளையாட்டுதானே” என்ற பேச்சு. 1850இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பஞ்சாலை வேலையை நிறுத்தச் சொன்னது. மற்றத் தொழில்களிலும் மெல்ல மெல்ல அந்த அரைநாள் விடுமுறை வந்தது. மூன்று மணிக்கு ஆட்டம் என்ற வழக்கம் அந்த விடுமுறையில் பிறந்ததுதான். 1888இல் தொடங்கிய லீகில் இருந்த பன்னிரண்டு கிளப்புகளும் லங்காஷயரிலும் நடு இங்கிலாந்திலும் இருந்த தொழில் ஊர்களைச் சேர்ந்தவை. லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. வாரம் முழுக்க முதலாளிக்கு உழைத்தவர்கள், தங்களுக்கென்று கிடைத்த சில மணி நேரத்தில் ஊரின் பெயரை நெஞ்சில் ஏந்திக்கொண்ட இடம் அது.

வடகிழக்கில் உள்ள சண்டர்லாந்தைப் பாருங்கள். கப்பல் கட்டும் தளங்கள் 1980களின் கடைசியில் மூடப்பட்டன. 1993இல் மங்க்வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டது. அந்தச் சுரங்கம் இருந்த இடத்திலேயே 1997இல் கிளப்பின் புதிய மைதானம் திறந்தது. சுரங்கத் தொழிலாளி கையில் பிடிக்கும் விளக்கின் பெரிய உருவம் ஒன்று இன்றும் அதன் வெளியே நிற்கிறது. பாட்டன் இறங்கிய சுரங்கத்துக்கு மேலே போடப்பட்ட நாற்காலியில் பேரன் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறான். கப்பலும் கரியும் போன பிறகு ஊரின் பெயர் நாடு முழுக்க ஒலிக்க அந்த ஊருக்கு மிஞ்சியது அந்த அணிதான். அந்த அணி தோற்றதைப் பற்றி நாலு நாள் பேசினால் அதில் வியக்க என்ன இருக்கிறது?

அடுத்தது, “பேசி என்ன ஆகப்போகிறது?” இதற்குத்தான் நான் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நடந்தவை அனைத்தும் இதற்கு நேர் எதிராக இருக்கின்றன.

2016 பிப்ரவரியில் லிவர்பூல் கிளப், அடுத்த பருவத்துக்கான அதிகபட்ச டிக்கெட் விலையை 77 பவுண்டாக உயர்த்தப்போவதாக அறிவித்தது. அந்த வார இறுதியில் ஆன்ஃபீல்டில் சண்டர்லாந்துடன் ஆட்டம். லிவர்பூல் இரண்டு கோல் முன்னிலை. எழுபத்தேழாவது நிமிடம் வந்ததும் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போவது ஒரு ரசிகருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது ரசிகருக்குத்தான் தெரியும். கேலரியில் பெரிய பெரிய காலித் திட்டுகள். மிச்சமிருந்த நிமிடங்களில் சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்துவிட்டது. அடுத்த சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, விலையைப் பழைய 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள். அடுத்த மாதம், வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று பிரீமியர் லீக் கிளப்புகள் அத்தனையும் ஒப்புக்கொண்டன. ரசிகர் அமைப்புகள் பல காலமாகக் கேட்டுவந்த கோரிக்கை அது.

கார்டிஃப் கிளப்பின் நீலச் சட்டையை 2012இல் அதன் உரிமையாளர் சிவப்பாக மாற்றினார். ரசிகர்கள் விடவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. ஹல் சிட்டியின் பெயரையே மாற்ற அதன் உரிமையாளர் முயன்றபோதும் ரசிகர்கள் எதிர்த்து நின்றார்கள். 2014இல் கால்பந்துச் சங்கம் அந்த முயற்சியை நிராகரித்தது.

2021 ஏப்ரல் 18, ஞாயிறு இரவு. ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்காரக் கிளப்புகள் சேர்ந்து, தங்களுக்கென்று தனி சூப்பர் லீக் தொடங்கப்போவதாக அறிவித்தன. அதில் ஆறு இங்கிலாந்துக் கிளப்புகள். தோற்றாலும் கீழே இறக்கப்படாத நிரந்தர இடம் அதைத் தொடங்கிய கிளப்புகளுக்கு உண்டு என்பதுதான் அதன் அடிப்படை. செவ்வாய் மாலை செல்சி மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் சாலையை மறித்தார்கள். அன்றிரவே ஆறு கிளப்புகளும் விலகின. அரசாங்கத்தின் மிரட்டலும், ஐரோப்பியக் கால்பந்து அமைப்பின் எதிர்ப்பும், ஆட்டக்காரர்களின் குரலும் அதில் சேர்ந்தே இருந்தன. ரசிகர்கள் மட்டுமே சாதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெருவுக்கு முதலில் வந்தவர்கள் அவர்கள்தான். தோல்வியையே இல்லாமல் செய்துவிடுகிறோம் என்று சொன்ன திட்டத்தை, வாராவாரம் தோல்வியைப் பற்றிப் புலம்புகிறவர்களே வேண்டாம் என்று தள்ளினார்கள். இதைவிடத் தெளிவாக அவர்கள் மனதை யாரும் சொல்லிவிட முடியாது.

இவையெல்லாம் போராட்டம், தோல்விப் புலம்பல் வேறு என்று சிலர் பிரிக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு ஆட்களின் வேலை அல்ல. இருபது வருடம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து தடுப்பாட்டக்காரர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தவருக்கு, நல்ல ஆட்டக்காரர் ஏன் விற்கப்பட்டார் என்ற கேள்வியும் வரும். விற்ற பணம் எங்கே போனது என்பது அதற்கடுத்த கேள்வி. போர்ட்ஸ்மவுத் 2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. இரண்டே வருடத்தில் கடனில் மூழ்கித் திவால் நடவடிக்கைக்குள் போனது, 2012இல் மறுபடியும். கடைசியில் 2013இல் ரசிகர்களே பணம் திரட்டிக் கிளப்பை வாங்கி, நான்காம் நிலை லீகில் நடத்தினார்கள். விம்பிள்டன் கிளப்பை ஊரை விட்டு மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் அந்த வருடமே புதிதாக ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். ஊர்ப் பொதுவெளியில் ஆள் தேர்வு நடத்தி, ஒன்பதாம் நிலை லீகில் ஆரம்பித்தார்கள். 2011இல் அது நான்காம் நிலை லீகுக்குள் வந்தது. 2020இல் தன் பழைய தெருவான ப்ளவ் லேனுக்கே திரும்பியது.

2021இல் ரசிகர்களை முன்வைத்து நடந்த ஆய்வின் தொடர்ச்சியாக, 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. ரசிகர்களின் ஆதரவு இல்லாமல் கிளப்பின் சின்னத்தையோ சொந்த மைதானச் சட்டையின் நிறத்தையோ இனி மாற்ற முடியாது. பேசி என்ன ஆகும் என்று கேட்பவர்கள் அந்தச் சட்டத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

“உண்மையான ரசிகன் குறை சொல்ல மாட்டான், கூடவே நிற்பான்” என்பது உரிமையாளர்களுக்கு மிகவும் பிடித்த வாதம். தேர் நிலைக்கு வராமல் நடுத்தெருவில் நின்றுவிட்டால் வடம் பிடித்தவர்கள்தான் சத்தம் போடுவார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர் வீட்டுக்குப் போய்விடுவார். பரி கிளப்பின் கதை இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று. 1885இல் தொடங்கிய கிளப், இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அந்தப் பருவத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி, ஆனால் அணி ஜெயித்துக்கொண்டே இருந்து மேல் லீகுக்கும் போனது. களத்தில் கொண்டாட்டம், கணக்கில் பள்ளம். 2019 ஆகஸ்ட் 27 அன்று, கிளப் பிழைத்துவிடும் என்று நம்பி ரசிகர்கள் மைதானத்துக்கு வந்து நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிரவே பரி லீகிலிருந்து நீக்கப்பட்டது. குறை சொன்னவர்கள் அந்தக் கிளப்பை அழிக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கட்டாயம் அன்று யாருக்கும் இல்லை.

இனி கனமான வாதம்: தோல்வி வெறியாக மாறுகிறது, வன்முறையில் முடிகிறது. இதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. மூன்று உலகக் கோப்பைகளின்போது லங்காஷயர் காவல்துறையிடம் பதிவான குடும்ப வன்முறையை லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். இங்கிலாந்து தோற்ற நாட்களில் அது 38 சதவீதம் கூடியிருந்தது. அந்த வீடுகளில் அடி வாங்கிய பெண்களுக்கு முன் எந்த ரசிகரின் சோகமும் பெரிதல்ல. ஆனால் அதே ஆய்வில், வென்ற நாட்களிலும் சமன் செய்த நாட்களிலும் 26 சதவீதம் கூடியிருந்தது. தோல்வி அதைக் கூட்டுகிறது, உண்மை. வென்றாலும் கை ஓங்குகிறவரைத் தோல்விப் பேச்சு உண்டாக்கவில்லை. குடியையும், வீட்டுக்குள் பழகிப்போன வன்முறையையும் சட்டம் கவனிக்க வேண்டும்.

ரசிகன் என்றாலே ரவுடி என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம், லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் அரையிறுதி. ரசிகர்களை அடக்கிவைக்கப் போட்ட இரும்பு வேலிக்குள் நெரிபட்டு உயிர்விட்டவர்கள் 97 பேர். ரசிகர்களே குடித்துவிட்டு வந்து காரணமானார்கள் என்று காவல்துறை சொன்னது, ஒரு பெரிய நாளிதழ் அதை முதல் பக்கத்தில் போட்டது. அது பொய். 2016இல்தான் விசாரணை நடுவர் குழு, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்கள் மேல் தவறில்லை என்றும் தீர்ப்புச் சொன்னது. இருபத்தேழு வருடம் அந்தக் குடும்பங்களும் அந்த ஊர் ரசிகர்களும் பேசிக்கொண்டே இருந்தார்கள். “நடந்தது நடந்துவிட்டது, விடுங்கள்” என்று அவர்களிடம் சொன்னவர்களும் உண்டு.

ஆண்கள் பந்தைப் பேசி மனதை மறைக்கிறார்கள் என்பது கொஞ்சம் நுட்பமான குற்றச்சாட்டு. இதில் பாதி நியாயம் இருக்கிறது. நாரிச் கிளப் 2023இல், உலக மனநல நாளையொட்டி ஒரு குறும்படம் வெளியிட்டது. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருவர். ஒருவர் துள்ளுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். மற்றவர் முகம் தொங்கிப்போய் இருக்கிறார். ஆட்டங்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. கடைசியில் தொங்கிய முகத்துக்காரர் மட்டும் வருகிறார், பக்கத்துக் காலி இருக்கையில் ஒரு கழுத்துத் துணியை வைக்கிறார். துள்ளியவர்தான் இல்லை. பந்துப் பேச்சு மட்டும் போதாது என்கிற அந்த எச்சரிக்கை சரி. ஆனால் அதைச் சொல்ல அந்தக் கிளப்புக்கு எந்த இடம் கிடைத்தது என்று கவனியுங்கள். வருடக்கணக்கில் ஒரே ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தோல்வியைப் பங்குபோட்ட இரண்டு இருக்கைகள். “நேற்றைய ஆட்டம் பார்த்தாயா?” என்று ஆரம்பித்தால்தான் சில மனிதர்களிடம் “நீ எப்படி இருக்கிறாய்?” என்பது வரை போக முடியும். முதல் கேள்வியையும் பிடுங்கிவிட்டால் அவர்களிடம் பேச வழியே இருக்காது.

கடைசியாக, “இவ்வளவு வருத்தம் என்றால் ஜெயிக்கிற அணிக்கு மாறிவிடேன்” என்ற ஆலோசனை. இங்கிலாந்தின் முதல் நான்கு நிலைகளில் 92 கிளப்புகள். ஆண்டுக்கு ஒன்றுதான் பிரீமியர் லீக் சாம்பியன். எல்லோரும் மாறினால் மீதி 91 மைதானங்களில் யார் உட்காருவது?

சண்டர்லாந்து 2017இல் கீழே இறங்கியது, 2018இல் மறுபடியும் இறங்கியது. மூன்றாம் நிலையில் பிராட்ஃபோர்டுடன் ஆடிய அந்த டிசம்பர் 26 அன்று மைதானத்தில் 46,039 பேர். அடுத்த சில மாதங்களில் வெம்ப்ளியில் இரண்டு இறுதியாட்டங்கள். ஒன்றில் பெனால்ட்டியில் தோல்வி, மற்றதில் தொண்ணூறு நிமிடம் தாண்டி, கடைசி நொடிகளில் விழுந்த கோலால் தோல்வி. அதன்பிறகும் மூன்று பருவம் அங்கேயே கிடந்தார்கள். 2025 மே 24 அன்று அதே வெம்ப்ளியில், ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு எதிராக டாம் வாட்சன் என்ற பத்தொன்பது வயதுப் பையன் தொண்ணூறு நிமிடம் தாண்டிப் போட்ட கோலில் பிரீமியர் லீகுக்குத் திரும்பினார்கள். அந்தப் பையன் ஏற்கெனவே பிரைட்டன் கிளப்புக்குப் போக ஒப்பந்தமாகியிருந்தான். அதற்கு முந்தைய இரண்டு பருவங்களிலும், மேலே வந்த மூன்று அணிகளும் அந்த வருடமே கீழே போயிருந்தன. மேலே வந்த அந்தக் கோடையிலும் ரசிகர்களுக்குப் பேச இவ்வளவு இருந்தது: தடுப்பு வரிசைக்கு யாரை வாங்குவது, வாட்சனின் இடத்தில் யார் ஆடுவது, ஆகஸ்டில் முதல் தோல்வி வந்தால் மேனேஜருக்கு எத்தனை வாரம் பொறுமை காட்டுவது.