காவிரிப் படுகையை எந்தத் தெருவிலிருந்து பார்ப்பது?

கடந்த தை மாதம் நண்பர்கள் நான்கு பேர் சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு மூன்று நாள் காவிரிப் படுகையைச் சுற்றிவரலாம் என்று முடிவு செய்தோம். எங்கே தங்குவது என்ற பேச்சு வந்தவுடன் எல்லோர் வாயிலும் ஒரே ஊர்தான்: கும்பகோணம். அங்கே ஒரு பழைய அக்கிரகாரத்து வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானே தொலைபேசியில் பேசினேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். எத்தனை பேர், என்ன வேலை என்று கேட்டார். வீட்டுக்குள் அசைவம் கூடாது, வெளியில் சாப்பிட்டுவிட்டும் வரக்கூடாது என்றார். கடைசியாக, "சொந்த ஊர்ல எந்தத் தெரு சார்?" என்றார். "காலனித் தெரு" என்றேன். "தேதி பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்றார். கூப்பிடவில்லை.

இது புதிய அனுபவம் அல்ல. இதைப் படிக்கும் தோழர்கள் பலருக்கும் வாடகை வீடு தேடிய நாட்களில் நடந்ததுதான். ஆனால் இரண்டு நாள் தங்கிப்போக வருகிறவனிடமும் அந்தக் கேள்வி வருகிறது என்றால், நாம் யோசிக்க வேண்டியது அந்த ஒரு வீட்டைப் பற்றி மட்டுமல்ல. காவிரிப் படுகையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எந்தத் தெருவில் நின்றுகொண்டு அதைப் பார்க்கிறார்கள்?

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துக் காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர் கொடுத்து அவர் எழுதிய நூல் 1965இல் வெளிவந்தது. சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிப் படிக்கும் எந்த மாணவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதன் விளைவை அவரே ஒப்புக்கொள்கிறார்: அக்கிரகாரத்து ஆளாகப் பார்க்கப்பட்டதால் சேரிக்குள் இயல்பாகப் போய்ப் பழக முடியவில்லை, அம்மக்களைப் பற்றிய தன் தகவல்கள் அந்த அளவுக்குக் குறைபாடு உடையவை. மாதக்கணக்கில் தங்கி ஆய்வு செய்தவருக்கே இதுதான் நிலை என்றால், மூன்று நாள் பயணிக்கு என்ன மிஞ்சும்?

கும்பகோணத்தின் வசதிகளை மறுக்கவில்லை. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையில் இருக்கிற ஊர். ரயில் இருக்கிறது, விடுதிகள் நிறைய இருக்கின்றன, தாராசுரமும் சுவாமிமலையும் பக்கத்திலேயே. ஆனால் அங்கே தங்கினால் பயணம் தானாகவே ஒரு தடத்தில் விழுந்துவிடும்: ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்கள், பித்தளை டபராவில் டிகிரி காபி, திண்ணை வைத்த வீடுகள். வண்டியின் சன்னலுக்கு வெளியே வயல் பச்சையாக ஓடிக்கொண்டிருக்கும். அதில் குனிந்து நிற்கும் பெண்கள் படத்துக்கு அழகு சேர்ப்பார்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி எழ இடமே இல்லை.

ஆகவே நாங்கள் திருவாரூரில் தங்கினோம். படுகையைச் சுற்றக் கிளம்பும் தோழர்களுக்கும் அதையே சொல்வேன். ஓடம்போக்கி ஆற்றங்கரை ஊர். சாதாரண விடுதிகளில் அடையாள அட்டையைக் காட்டினால் அறை கிடைக்கிறது; எந்தத் தெரு என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கிழக்கே நாகை, தெற்கே திருத்துறைப்பூண்டி, வடக்கே மயிலாடுதுறை என்று மூன்று நாளுக்கு மூன்று திசை. எல்லாமே காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய தூரம்.

முதல் நாள் கிழக்கே போனோம். கீழ்வேளூர், தேவூர் வழியாகக் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும், ராமையாவின் குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட ஊர். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு வாதம் உண்டு: இவர்கள் பெரும்பாலும் செல்வந்தர்கள், முதல் குற்றவாளியிடம் கார்கூட இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலையாட்கள் துணையில்லாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். நாங்களும் அந்த ஊருக்குக் காரில்தான் போனோம். ஊருக்கு முன்பே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போகலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னபோது யாரும் காரணம் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் தெற்கே. திருத்துறைப்பூண்டியில் தோழர் பி. சீனிவாசராவின் நினைவிடம். கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்த அவர், கீழத்தஞ்சையின் பண்ணையாட்களோடு வாழ்ந்து, சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக அவர்களை அணிதிரட்டியவர். 1952இல் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னால் அந்தப் போராட்டங்கள் இருக்கின்றன. அங்கிருந்து முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி இது. மேல்மடையில் ஆறு புரளும்போது இங்கே வாய்க்கால் காய்ந்து கிடக்கும். வெள்ளம் வந்தாலோ வடியாமல் நிற்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நொறுக்கியதும் இந்தப் பகுதியைத்தான். கும்பகோணத்துப் படித்துறையில் நின்று பார்த்தால் ஆறு ஒரு அழகு. கடைமடையில் அது முறைவைத்து, சண்டைபோட்டு, காத்திருந்து வாங்கும் கூலி போன்றது. நிலமற்றவருக்கு அந்தக் காத்திருப்பில்கூடப் பங்கில்லை. தண்ணீர் வராவிட்டால் வேலை இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் வடக்கே, மயிலாடுதுறை தாண்டி வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பக்கத்தில் திருப்புன்கூர். நந்தனாருக்காக நந்தி விலகியதாகச் சொல்லப்படும் கோயில். கல் நந்தி இன்றும் சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. நந்தி விலகியது, வாசல் திறக்கவில்லை என்பதை அங்கே நின்று பார்க்கும்போதுதான் முழுதாக உணர முடிகிறது. நந்தன் பக்தன் அல்ல, பௌத்த அரசன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியது ஏன் என்பதும் அங்கே புரியும்.

"சுற்றுலா போகும்போதுகூடச் சாதியா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊரும் சேரியும் நான் போட்ட கோடு அல்ல. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே ஊர்நத்தத்தோடு பறைச்சேரி தனியாகக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டாக நிலத்தில் இருப்பதைப் பார்க்காமல் கடந்து போவதற்குத்தான் தனி முயற்சி வேண்டும்.

இன்னொரு கேள்வி நம் தோழர்களிடமிருந்தே வரும். வெண்மணியைப் பார்வையிடும் இடமாக மாற்றலாமா, சேரிக்குள் கேமராவோடு போவது இன்னொரு அவமானம் இல்லையா? நியாயமான கேள்வி. நாங்கள் நினைவிடத்தைத் தவிர எதையும் படம் எடுக்கவில்லை. யார் வீட்டுக் கதவையும் தட்டிக் கதை கேட்கவில்லை. கடையில் தேநீர் குடித்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "எந்த ஊரு தம்பி?" என்றார். சொன்னேன். தெருவை அவர் கேட்கவில்லை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு வேலை நாட்கள் குறைந்துபோனதைப் பற்றி அவராகவே பேச ஆரம்பித்தார். போகும்போது டிசம்பர் 25க்கு வரச் சொன்னார்.

கும்பகோணத்துக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. தாராசுரத்துச் சிற்பங்களைச் செதுக்கியதும் உழைத்த கைகள்தான். ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள். இரவு தங்குவதற்குத் திருவாரூருக்கோ நாகைக்கோ வந்துவிடுங்கள். அறைக்கும் சோற்றுக்கும் கொடுக்கும் காசு, தெரு கேட்காதவர்களிடம் போய்ச் சேரட்டும். டிசம்பர் கடைசி வாரம் என்றால் அறையை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். வெண்மணிக்கு வருகிறவர்கள் நிறைய பேர் இருப்பார்கள்.