வீட்டில் படிக்க வீடு எங்கே?

பரீட்சை நெருங்கியதும் பாடசாலைக் கதவை அடைத்து, "வீட்டிலிருந்து மீட்டிப் படியுங்கள்" என்பது நல்ல ஏற்பாடு என்பர் சிலர். தனியறையும் மேசையும் உடைய பிள்ளைக்கு அது நல்லதே; நாம் மறுக்கவில்லை. ஆனால், பூனாகலையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவே வீடாக உள்ள பிள்ளை எங்கே படிப்பது? அடுப்புப் புகைக்கும் அடுத்த காம்பராத் தொலைக்காட்சிக்கும் நடுவிலா சாதாரண தரக் கணக்கைப் போடுவது? தாய் கொழுந்தெடுத்துத் திரும்பும்வரை தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பும் மூத்த மகளின் தலையில்தானே விழுகிறது!

1970களில் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய அரசு, கட்டடங்களை மட்டுமா ஏற்றது? கல்வியையும் அன்றோ! பரீட்சை முடியும்வரை பாடசாலை மாலையிலும் திறந்திருக்கட்டும், விளக்கு எரியட்டும், ஆசிரியர் ஒருவர் உடனிருக்கட்டும். இருட்டியபின் பிள்ளைகளை அழைத்துவரப் பெற்றோர் முறை வைத்துக்கொள்வோம். நாம் கேட்பது சலுகையன்று, உரிமை!